சிறிய பயண டிரெய்லரைத் தூக்குவதற்கு முன், அது எங்கே உரசுகிறது என்று பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். திருவொற்றியூரில் வீடு. இருவர் படுக்கக்கூடிய, பன்னிரண்டு அடி நீள உடல் கொண்ட, ஒற்றை ஆக்ஸில் (சக்கர அச்சு) பயண டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். சாமான்களுடன் ஏறத்தாழ 700 கிலோ எடை. டயர் 145/80 ஆர்12. வீட்டு வாசல் சாய்தளத்தில் ஏறும்போது பின்புறம் தரையில் இழுபடுகிறது. தெரு வேகத்தடைகளில் முன்புறம் இடிக்கிறது. பழவேற்காடு வரை இழுத்துப் போக ஆசை. ஆக்ஸிலைத் திருப்பிப் போட்டால் நான்கு அங்குலம் உயர்ந்துவிடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அதைச் செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

செய்யலாம். ஆனால் அவர் சொன்ன சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டு செய்தால் இரண்டு டயர்களை இழப்பீர்கள்; அதை விடவும் முக்கியமாக, நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளுக்கும் ஆக்ஸில் காரணமே இல்லை என்பது என் கணிப்பு. மணலியில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்குப் பட்டை (வில்போல் வளைந்த எஃகு ஸ்பிரிங்) வேலையும் ஆக்ஸில் வேலையும் பார்க்கும் பட்டறையில் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. சிறு டிரெய்லர்கள் எங்களிடம் அபூர்வமாகத்தான் வரும். வருகிறவர்களில் பாதிப் பேர், தூக்க வேண்டிய தேவை இல்லாத வண்டியைத் தூக்கச் சொல்லித்தான் வருகிறார்கள்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று பட்டறையில் ஒரே சொல்லாகச் சொன்னாலும், டிரெய்லரில் அது மூன்று தனித்தனி இடைவெளிகள். ஆக்ஸிலுக்கும் தரைக்கும் இடையே உள்ளது ஒன்று. சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் வால்பகுதிக்கும் தரைக்கும் இடையே உள்ளது இன்னொன்று. சக்கரத்துக்கும் காருக்கும் நடுவே கிடக்கும் இழுவைச் சட்டத்துக்கும் தரைக்கும் இடையே உள்ளது மூன்றாவது. சாலையின் முழு அகலத்துக்கும் போடப்பட்ட வேகத்தடையில் ஆக்ஸில் ஒருபோதும் இடிக்காது. ஏனென்றால் சக்கரம் ஏறும்போது ஆக்ஸிலும் கூடவே ஏறிவிடுகிறது. சாலை நெறிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் நெறிமுறைப்படி போட்ட வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆரமும் கொண்ட மெல்லிய வளைவு. அதில் உங்கள் டிரெய்லரின் எந்தப் பாகமும் உரசக் கூடாது. உரசுவது, தெருவாசிகள் தாங்களாகவே ஜல்லியும் சிமென்டும் குழைத்து எழுப்பிய, ஒரு முழம் அகலமே உள்ள செங்குத்து மேடுகளில். அவற்றின் முன்னும் பின்னும் சக்கரங்கள் தரையில் நிற்க, மேடு நடுவில் நிமிர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் மேலே தொங்குவது எதுவோ அது இடிபடும். ஆக்ஸிலின் இடைவெளி முக்கியமாவது வேறு இடத்தில்: லாரித் தடங்கள் பள்ளமாகி நடுவில் முதுகு எழும்பிய மண்பாதை, மழைக்குப் பின் கல் பெயர்ந்து கிடக்கும் சாலை, உப்பளப் பக்கத்து வண்டித்தடம் போன்றவற்றில்தான்.

நீங்கள் ரசமட்டம் வைத்து டிரெய்லரைச் சமமாக நிறுத்தி எடுத்த அளவுகளை எழுதியிருந்தது மிகவும் உதவியாக இருக்கிறது. ஆக்ஸிலிலிருந்து வால்முனை வரை 1.9 மீட்டர், ஆக்ஸிலிலிருந்து, காருடன் மாட்டும் கப்ளிங் வரை 2.8 மீட்டர், பின்புறச் சட்டத்தின் அடி தரையிலிருந்து 330 மி.மீ.; அதற்கும் கீழே 80 மி.மீ. தொங்கும் கழிவுநீர்க் குழாய். ஆக்ஸில் 50 மி.மீ. சதுரக் குழல், அதற்கு அடியில் 6 மி.மீ. தடிப்புள்ள நான்கு பட்டைகள். வாசல் சாய்தளம் ஏழு மீட்டரில் ஒரு மீட்டர் ஏறுகிறது, அதாவது ஏழுக்கு ஒன்று. காருடன் மாட்டும்போது முகம் மேல்நோக்கியபடி கப்ளிங் 50 மி.மீ. உயர்ந்துவிடுகிறது என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

இப்போது சாய்தளத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். டிரெய்லரின் சக்கரங்கள் சாய்தளத்தின் அடிவாரத்தைத் தொடும் கணத்தில் கார் முழுவதும் சரிவின் மேல் இருக்கும். டிரெய்லரும் அதே சரிவில் சாய்ந்திருக்கும். வால் மட்டும் சமதரைக்கு மேல் தொங்கும். 1.9 மீட்டர் நீளமுள்ள வால் ஏழுக்கு ஒன்று என்ற சரிவில் 271 மி.மீ. கீழே இறங்கும். உங்கள் குழாயின் அடி 250 மி.மீ. உயரத்தில்தான் இருக்கிறது, ஆகவே 21 மி.மீ. போதாமல் இழுபடுகிறது. கப்ளிங் 50 மி.மீ. தூக்கி நிற்பதால் வால் மேலும் 34 மி.மீ. தாழ்கிறது, மொத்தக் குறை 55 மி.மீ. குழாயை அகற்றிச் சட்டத்தின் இரு நீளக் கம்பிகளுக்கு இடையே உயர்த்திப் பொருத்திவிட்டு, கப்ளிங் உட்காரும், காரிலுள்ள இழுவைப் பந்தை 50 மி.மீ. தாழ்த்திவிட்டால், அதே இடத்தில் 59 மி.மீ. மிச்சம் கிடைக்கும். ஆக்ஸிலைத் தொடாமலே, அரை நாள் வேலையில் இது முடிந்துவிடும்.

குழாயை உயர்த்தும்போது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு குறையும் என்பதால், தொட்டிக்கும் வெளிமுனைக்கும் நடுவில் மேடு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்புற மூலைகளில் நிறுத்தத்துக்காகப் பொருத்தியிருக்கும் மடக்குத் தாங்கிகளும் பல வண்டிகளில் சட்டத்துக்குக் கீழே தொங்கும். அவற்றின் பிடியைச் சட்டத்தின் பக்கவாட்டுக்கு மாற்றிவிடலாம். முன்புறம் இடிப்பது பெரும்பாலும் கப்ளிங்குக்குப் பின்னால் உள்ள சிறு தாங்குசக்கரமாகத்தான் இருக்கும். மாட்டிய பிறகு அதை மேலே சுற்றி ஏற்றினால் மட்டும் போதாது; பிடியைத் தளர்த்திக் குழலோடு உருவி வண்டிக்குள் போட்டுவிட வேண்டும். இதைச் செய்யாமல் பல மாதங்கள் வேகத்தடைகளைத் திட்டிக்கொண்டே ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, பட்டைகள் தொய்ந்துபோயிருக்கின்றனவா என்பது. எண்ணூரிலிருந்து காசிமேடு வரை கடலோரத்தில் நிறுத்தப்படும் வண்டிகளில் பட்டைகளுக்கு இடையே துரு ஏறி, அடுக்கு உப்பி, ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முடியாமல் இறுகிவிடும், வளைவும் தட்டையாகிவிடும். வண்டியைப் பாரம் ஏற்றி நிறுத்திவிட்டு, பட்டையின் முனைகளிலுள்ள இரு கண்களுக்கும் (துளைகளுக்கும்) நூல் பிடித்து, நடுவில் வளைவு எவ்வளவு இருக்கிறது என்று இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 15 மி.மீ. குறைந்திருந்தாலே அந்தப் பக்கப் பட்டைக்கு ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். புதிய பட்டை போட்டாலே அங்குலக் கணக்கில் உயரம் திரும்பிவரும் வண்டிகள் உண்டு. பழைய பட்டையைச் சூடாக்கி அடித்து வளைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. முறையாகப் பதம் ஏற்றாவிட்டால் சில மாதங்களிலேயே பழைய நிலைக்கு வந்துவிடும். கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பதும் சரியான வழி அன்று: உயரம் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் 700 கிலோ வண்டிக்கு அந்த விறைப்பு அதிகமாகி, உள்ளே அலமாரிக் கதவுகளும் திருகாணிகளும் கழன்று விழத் தொடங்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் பழவேற்காட்டுப் பக்கத்து மண்பாதைகளில் இறங்க வேண்டும் என்றால், அப்போது உண்மையாகவே உயர்த்துவதைப் பற்றிப் பேசலாம். வழிகள் இரண்டு: பெரிய டயர் போடுவது ஒன்று, பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள இடத்தை மாற்றுவது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். பட்டையை இடம் மாற்றினால் உடலும் சட்டமும் உயரும். ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக்ஸிலை உயர்த்தக்கூடியது டயர் ஒன்றுதான்.

டயர் கணக்கு எளியது. 145/80 ஆர்12 டயரின் விட்டம் ஏறக்குறைய 537 மி.மீ.; 155/80 ஆர்13 டயரின் விட்டம் 578 மி.மீ. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும் என்பதால், ஆதாயம் 20 மி.மீ.தான். 165/80 ஆர்14 வரை போனால் விட்டம் 620 மி.மீ. ஆகி, 41 மி.மீ. உயரம் கிடைக்கும். சுமைத் திறனும் கூடவே உயர்கிறது: 74 என்ற சுமைக் குறியீடுள்ள டயர் 375 கிலோவும், 79 உள்ளது 437 கிலோவும், 85 உள்ளது 515 கிலோவும் தாங்கும். இரண்டு டயர்களில் 700 கிலோ என்றால் 74 குறியீட்டில் விளிம்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். இதற்காகவே 13 அங்குலத்துக்கு மாறுவது நல்லது. ஆனால் ரிம்மின் போல்ட் துளை வட்டம், சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான உங்கள் ஹப்புடன் பொருந்த வேண்டும். பழைய பொருள் கடையில் கண்ணளவில் பார்த்து வாங்கி வந்து, துளையை ராவி நுழைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். டயரின் மேற்புறத்துக்கும் சக்கர வளைவின் உள்தகட்டுக்கும் இடையே, பட்டை முழுதும் அமுங்கும்போதும் இடம் இருக்க வேண்டும். உடல் எடையைத் தரையிலிருந்து ஜாக்கியில் தாங்கிக்கொண்டு, ஆக்ஸிலை மட்டும் இன்னொரு ஜாக்கியால், பட்டை அளவுமீறி அமுங்காமல் தடுக்கும் நிறுத்துதடுப்பு தொடும் வரை தூக்கிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். 14 அங்குலம் உங்கள் வண்டியின் சக்கர வளைவுக்குள் தனியாக நுழையாது. பட்டை மாற்றத்துடன் சேர்த்தால்தான் நுழையும்.

இனி பட்டை மாற்றம். உங்கள் வண்டியில் பட்டை ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கிறது. அதை ஆக்ஸிலின் மேலே கொண்டுவந்தால், ஆக்ஸிலின் தடிப்பு 50, பட்டை அடுக்கின் தடிப்பு 24, மேலும் கீழும் பட்டை உட்காரும் இருக்கைத் தகடுகளுக்கு 10 வீதம் 20, ஆக மொத்தம் 94 மி.மீ. உடல் உயரும். நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உங்களிடம் சொன்னவர் கணக்கில் பெரிய பிழை இல்லை.

பிழை இருப்பது "ஆக்ஸிலைத் திருப்பிப் போடுவது" என்ற சொற்களில். டிரெய்லர் ஆக்ஸில் பார்வைக்கு நேராகத் தெரிந்தாலும், நடுப்பகுதி சற்று மேல்நோக்கி வில்போல் வளைக்கப்பட்டிருப்பது வழக்கம்; பாரம் ஏறும்போது நேராகி, இரு சக்கரங்களும் நிமிர்ந்து நிற்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதைத் தலைகீழாகத் திருப்பினால் வளைவு கீழ்நோக்கி வந்துவிடும். பாரம் ஏறினால் மேலும் தொய்யும். சக்கரங்களின் தலை உள்ளே சாயும். டயரின் உள்விளிம்பு மட்டும் தரையை அரைக்கும். தொழில் கற்ற புதிதில் இதை நானே செய்திருக்கிறேன். மாதவரத்திலிருந்து வந்த ஒரு சிறு சரக்கு டிரெய்லர். மேலும் கீழும் இருக்கைத் தகடு இருந்ததைப் பார்த்து, வெல்டிங் வேலை மிச்சம் என்று மகிழ்ந்து, ஆக்ஸிலை அப்படியே புரட்டிப் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் அது திரும்பி வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது போல இருந்தது. குனிந்து உள்பக்கம் கையை விட்டுத் தடவியபோது நூல் விரலில் குத்தியது. இரண்டு டயர்களும் என் செலவு.

ஆகவே ஆக்ஸில் இருந்தபடியே இருக்க வேண்டும். அதன் மேற்புறத்தில் புதிதாக இருக்கைத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பட்டையை மேலே ஏற்ற வேண்டும். இதில் நல்லதொரு தற்செயல் இருக்கிறது. சக்கரங்கள் இரு முனைகளைத் தாங்க, பட்டைகள் உள்ளே தள்ளி அழுத்துவதால், ஆக்ஸிலின் அடிப்புறம் இழுவிசையிலும் மேற்புறம் அமுக்கத்திலும் இருக்கும். விரிசல் பிறப்பது இழுவிசை உள்ள பக்கத்தில் என்பதால், மேற்புறத்தில் வெல்டிங் செய்வது அடிப்புறத்தில் செய்வதை விடப் பாதுகாப்பானது. வெல்டிங் கோடு ஆக்ஸிலின் நீளவாக்கில் மட்டும் ஓட வேண்டும். தகட்டின் குறுக்கு விளிம்புகளில் குழலைச் சுற்றிக் கோடு போடக் கூடாது. அடியிலுள்ள பழைய தகட்டை அழகுக்காகக் கேஸ் கட்டிங்கில் அறுக்கச் சொல்லாதீர்கள். அறுக்கும் தழல் குழலில் ஒரு கீறல் விட்டாலும் விரிசல் அங்கிருந்தே தொடங்கும். அது அங்கேயே இருக்கட்டும்.

வெல்டர்கள் அவசரத்தில் விடும் தவறு இன்னொன்று, எர்த் கிளிப்பை எங்கே மாட்டுவது என்பது. சக்கரத்திலோ ஹப்பிலோ மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் போய், உருளைகளிலும் தடத்திலும் ஊசிமுனைப் புள்ளிகளாகப் பொசுக்கிவிடும்; நூறு கிலோமீட்டருக்குள் பேரிங் முனகத் தொடங்கும். கிளிப்பை ஆக்ஸிலிலேயே, வெல்டிங் செய்யும் இடத்துக்கு ஒரு சாண் தொலைவில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். டிரெய்லரின் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். உங்கள் வண்டி பட்டை வண்டி என்பதால் இது சாத்தியம். வெளிநாட்டிலிருந்து வந்த சில வண்டிகளில் பட்டையே இல்லாமல், சதுரக் குழலுக்குள் ரப்பர் தண்டுகளை அமுக்கிவைத்த ஆக்ஸில் இருக்கும். அதில் வெல்டிங் நெருப்பு பட்டால் ரப்பர் கருகி எல்லாம் வீண். அதற்கு, ஆக்ஸிலின் பிடித்தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே எஃகுப் பெட்டித்துண்டு கொடுத்து போல்ட் போடுவது ஒன்றே வழி.

பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பட்டை மேலே உள்ள வண்டியில் ஓரளவுக்குச் செய்யலாம். அதுவும் ஒற்றைக் கட்டையாக, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலைக்குக் குழி எடுத்த எஃகுக் கட்டையாக இருக்க வேண்டும். உங்கள் வண்டியைப் போலப் பட்டை அடியில் இருந்தால், கட்டை வைப்பதால் வண்டி தாழும். பட்டையின் ஒரு முனையைச் சட்டத்துடன் இணைக்கும் ஷேக்கிளை நீளமாக்கும் யோசனையும் அவ்வளவு சிறந்ததன்று. நீட்டியதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், பட்டையின் ஒரு முனை மட்டும் தாழ்வதால் ஆக்ஸில் சாய்ந்து உட்காரும்.

பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கும் யூ போல்ட்டுகள் எல்லாம் புதிதாக இருக்கட்டும். ஒரு முறை இழுபட்ட யூ போல்ட்டின் மரை நீண்டிருக்கும். கழற்றியதை மறுபடி மாட்டுவது எங்கள் பட்டறையில் தடை செய்யப்பட்ட காரியம். இதில் உங்களுக்கு ஒரு சிறு ஆதாயமும் உண்டு. இப்போது உங்கள் ஆக்ஸிலின் அடி தரையிலிருந்து சுமார் 230 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, அதன் கீழே இருக்கைத் தகடு, பட்டை அடுக்கு, பிடித்தகடு, நட்டு, நட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் வால் என்று எல்லாம் சேர்ந்து 67 மி.மீ. தொங்குகின்றன. ஆகவே வண்டியிலேயே தாழ்வான பொருள், தரையிலிருந்து 163 மி.மீ. உயரத்தில் இருக்கும் அந்த வால்தான். பட்டை மேலே போய், யூ போல்ட்டை ஆக்ஸிலின் அடியிலிருந்து மேல்நோக்கி நுழைத்து நட்டுகளை மேலே வைத்தால், அடியில் போல்ட்டின் வளைவு மட்டுமே இருக்கும். தாழ்வான புள்ளி 218 மி.மீ. அளவுக்கு உயர்ந்துவிடும். அது உங்களை இழுக்கும் காரின் அடிப்பாகத்துக்கு நிகரான உயரம். அதற்கு மேல் ஆக்ஸிலை உயர்த்துவதில் பயனில்லை. கார் போகாத இடத்துக்கு டிரெய்லர் போகப் போவதில்லை.

பொருத்தியபின் ஆக்ஸில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, கப்ளிங்கின் நடுப்புள்ளியிலிருந்து இடது ஹப்பின் நடுவுக்கும் வலது ஹப்பின் நடுவுக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் 3 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் டிரெய்லர் நண்டுபோல ஒருக்களித்து ஓடும், டயரும் தேயும். நிறுத்துதடுப்பு ரப்பரை ஏறத்தாழ 70 மி.மீ. நீட்டிப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் பெரிய பள்ளத்தில் பட்டை எதிர்ப்புறமாக வளைந்து முறியும். பிரேக் இருந்தால் அதன் கேபிளும், விளக்குகளின் வயர்களும் 94 மி.மீ. கூடுதல் தூரத்துக்குத் தளர்வாக எட்டுகின்றனவா என்று பாருங்கள். யூ போல்ட் நட்டுகளையும் சக்கர நட்டுகளையும் முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். பெயின்ட் பூசிய பரப்புகள் அமுங்கி இடம் கொடுப்பதால் அவை தளரத்தான் செய்யும். வெல்டிங் செய்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாக பிரைமர் இரண்டு கைப் பூசி, அதன் மேல் பெயின்ட் அடியுங்கள். நம் கடற்காற்றில் வெறும் கறுப்பு பெயின்ட் ஒரு மழைக்காலத்தைக் கூடத் தாண்டாது.

உடல் 94 மி.மீ. உயர்ந்தால் கப்ளிங்கும் அதே அளவு உயரும். காரிலுள்ள இழுவைப் பந்தை அதற்கு ஈடாக உயர்த்தாவிட்டால், முகம் தாழ்ந்து, இழுவைச் சட்டத்தின் முன்முனைக்குக் கிடைத்த இடைவெளி அத்தனையும் பறிபோகும். இப்போது 50 மி.மீ. அதிகமாக இருக்கும் பந்து, உயர்த்திய பின் 44 மி.மீ. குறைவாக இருக்கும். உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய பல துளை இழுவைப் பிடி ஒன்று போட்டுவிட்டால் இரண்டு நிலைக்கும் பொருந்தும். டிரெய்லர் சமமாகவோ, முகம் ஓரிரு விரல் தாழ்ந்தோ நிற்கலாம். முகம் தூக்கி நிற்கவே கூடாது. குளியலறை எடை எந்திரத்தின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கப்ளிங்கை இறக்கிப் பாருங்கள். 700 கிலோ வண்டிக்கு அங்கே 70 கிலோ அளவில் காட்ட வேண்டும். அதை விட மிகவும் குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆடத் தொடங்கும்; அதே சமயம் உங்கள் காரின் இழுவைப் பிடி எவ்வளவு தாங்கும் என்று காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை இழக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரு சக்கரங்களுக்கு இடையே 1.35 மீட்டர் அகலம் என்றும், எடைமையம் 0.85 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்து வரும் நிலைத்தன்மை எண் 0.79. உடலை 94 மி.மீ. தூக்கினால் அது 0.72 ஆகிவிடும், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் ஊர்தல் வேகத்தில் இது தெரியாது. எண்ணூர் கடலோரச் சாலையில் மதியக் கடற்காற்று பக்கவாட்டில் அறையும்போதும், செங்குன்றம் தாண்டிக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி முந்திச் செல்லும்போது முதலில் உறிஞ்சிப் பிறகு தள்ளும்போதும் தெரியும். கூரைமேல் வைத்திருக்கும் பொருள்களை இறக்கிவிடுங்கள். 50 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்றால் 50 கிலோ, அது தரைமட்டத்தில் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். வேகத்தை அறுபதுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். கூரையின் மொத்த உயரமும் கூடியிருக்கும் என்பதால், அதை அளந்து எண்ணை ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். வடசென்னையின் பழைய ரயில்வே சுரங்கப்பாதைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் உயரம். நுழைவாயிலில் தொங்கும் உயரத்தடையைப் படித்துவிட்டு நுழைவதே நல்லது. உயர்ந்த கதவுப் படியில் ஏற வீட்டுப் பெரியவர்களுக்குச் சிரமமாக இருக்கும் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.

உயரம் கிடைத்துவிட்டது என்பதற்காகத் தேங்கிய தண்ணீரில் இறக்க வேண்டாம். ஓடிச் சூடேறிய ஹப் தண்ணீரில் மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் மோர்போல வெளுத்துவிடும். ஹப் மூழ்கும் அளவு தண்ணீரில் ஒரு முறை போயிருந்தாலும், அந்த வாரமே பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் அடைத்துவிட வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் அன்றே செய்ய வேண்டும்.

சட்டப் பக்கம் ஒன்று இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்பாகவே எடுத்துரைத்தது. டிரெய்லரும் தனியே பதிவு செய்யப்படும் வாகனம்தான். குழாயை இடம் மாற்றுவது, தேய்ந்த பட்டையை அதே அளவில் புதுப்பிப்பது, பந்தின் உயரத்தைச் சரிசெய்வது ஆகியவை பராமரிப்புக்குள் அடங்கும் என்பது என் எண்ணம். பட்டையை ஆக்ஸிலின் மேல் ஏற்றுவதும் டயர் அளவை மாற்றுவதும் அப்படி அல்ல; வேலையைத் தொடங்குமுன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, அனுமதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். விபத்து நடந்தபின் வெல்டிங் கோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கும்போது, பதில் உங்களிடம் தாளில் இருக்க வேண்டும்.

என் வண்டியாக இருந்தால் நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை குழாயைத் தூக்கிக் கட்டி, பந்தைத் தாழ்த்தி, தாங்குசக்கரத்தை உருவிவிட்டு, வாசல் சாய்தளத்தில் நான்கு முறை ஏற்றி இறக்கிப் பார்ப்பேன். பின்னால் ஒருவரைக் குனிந்து பார்க்கச் சொல்லி, சட்டத்தின் அடியில் சுண்ணாம்பு தடவி, அது தரையில் ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். பட்டையை நூல் பிடித்து அளந்து, தொய்ந்திருந்தால் இரு பக்கமும் ஒருசேர மாற்றுவேன். அப்படியே மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு வரை ஒரு முறை போய்வருவேன். அந்தச் சாலைக்கு இதுவே போதுமென்று நினைக்கிறேன். அதன் பிறகும் மண்பாதையில் ஆக்ஸில் அடியில் புதிய கீறல்கள் தெரிந்தால் மட்டும், அனுமதி வாங்கிக்கொண்டு, மேலே சொன்னபடி பட்டையை ஏற்றி 13 அங்குல டயரும் சேர்த்துப் போடுவேன். குழாயைத் தூக்கிய பிறகு வால்முனையின் அளவையும், நூல் பிடித்த வளைவின் அளவையும் எழுதி அனுப்புங்கள். இருக்கைத் தகட்டின் நீள அகலத்தையும் யூ போல்ட்டின் தடிப்பையும் அவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும்.